மூலையில் செருகிய படம்

மில்லின் சத்தம் கேட்காத தூரத்துக்கு வந்த பிறகுதான் இருமல் கொஞ்சம் அடங்கியது. நெடுங்கேணியிலிருந்து ஒட்டுசுட்டான் போகும் வீதியில் நடந்துகொண்டிருந்தேன். அரிசி மில்லில் யாரோடும் கோபம் இல்லை. தவிட்டுத் தூசு நெஞ்சில் இறங்கிவிட்டது. இன்னும் நின்றால் படுத்துவிடுவேன் என்று தெரிந்தது. ஒரு வேலையை விட்டுப்போக எனக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

தோளில் ஒரு பை. அதற்குள் மாற்று உடுப்பு, ஒரு துவாய், சீலைத் துண்டில் சுற்றிய கண்ணாடி வெட்டும் கருவி. வவுனியாவில் படச்சட்டம் போடும் கடையொன்றில் கொஞ்சக் காலம் நின்றபோது வாங்கியது. மற்ற வேலைகளில் கிடைத்ததெல்லாம் அங்கங்கே கழன்று போய்விட்டது. இது மட்டும் கூடவே வந்தது. படிப்பும் அப்படித்தான். எட்டாம் வகுப்பின் பாதியில் பள்ளிக்கூடமே இடம்பெயர்ந்தது. அது ஒரு பக்கம் போனது, நாங்கள் ஒரு பக்கம் போனோம். பிறகு சந்திக்கவில்லை.

மணல் ஏற்றப் போன ட்ரக்டர் ஒன்று ஒட்டுசுட்டான்வரை கொண்டுபோய் விட்டது. அங்கிருந்து முள்ளியவளைப் பக்கம் பஸ். தண்ணீர் விடாய் தாங்காமல் முள்ளியவளைக்குள் இறங்கி நடந்தபோதுதான் வேலிக்குள்ளிருந்து வெளிச்சம் கண்ணில் குத்தியது. ஒரு வீட்டு முற்றத்தில் பாய் விரித்து, அதில் கண்ணாடிகளைக் காய வைத்திருந்தார்கள். முகம் பார்க்கும் கண்ணாடிகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் கடதாசியாலும் சிப்பியாலும் செய்த கரை. ஒன்றில் சூரியகாந்தி இதழ்கள், ஒன்றில் மீன் செதில் போல அடுக்கு. பாய் முழுக்க வானம் கிடந்தது.

தண்ணீர் தந்தவர் தலையை முந்தானையால் மூடிய ஒரு அக்கா. விரல் நுனிகளில் பசை காய்ந்து தோல் உரிவதுபோல் இருந்தது. நான் குடித்துக்கொண்டே ஒரு கண்ணாடியின் ஓரத்தைப் பார்த்ததை அவர் கவனித்துவிட்டார்.

"என்ன தம்பி பாக்கிறீங்க? பிழையா?"

"வெட்டு நேராப் போகேல்லை அக்கா. அதுதான் கரையை அகலமா வச்சு மறைச்சிருக்கிறியள்."

"பாத்தீங்களா, வந்து தண்ணி குடிச்ச ஆளுக்கும் தெரியிது," என்று அவர் குசினிப் பக்கம் திரும்பிச் சொன்னார். அங்கே இருந்து அவருடைய கணவரின் குரல் வந்தது: "நான் மீன் வெட்டத் தெரிஞ்ச ஆள். கண்ணாடிக்கு முள்ளு எங்க இரிக்கெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அப்படி அங்கே தங்கினேன். வீட்டோடு சேர்ந்த ஒரு கொட்டிலில் படுக்கை, அவர்கள் சாப்பிடும் சாப்பாடு. அந்த அக்காவின் குடும்பம் இந்த ஊரை விட்டுப்போய்ப் புத்தளத்தில் பல வருசம் வாழ்ந்து, திரும்பி வந்த முஸ்லிம் குடும்பம். வந்தபோது காணியில் காடும் கிணறும் மட்டும்தான் மிச்சமாம். கணவர் கண்ணாடிகளை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா என்று கடை கடையாகக் கொடுத்துவிட்டு வருவார். அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல அவரை நான் நானா என்று கூப்பிட்டேன்.

பழைய அலுமாரிகளிலிருந்து கழற்றிய கண்ணாடிகளைப் பழைய இரும்பு சேர்ப்பவர்கள் கொண்டுவந்து போடுவார்கள். பின்பக்கத்து இரசம் பல இடங்களில் உதிர்ந்து கறுத்திருக்கும். நல்ல பகுதியைத் தேர்ந்து வெட்டுவது என் வேலை. கருவியின் நுனியை மண்ணெண்ணெயில் தொட்டு, மட்டப்பலகையை அழுத்திப் பிடித்து, ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். இடையில் கை நின்றால் அந்த இடத்தில் வெடிப்புப் பிறக்கும்.

கரை கட்டுவது அக்கா. முட்டைத் தட்டுகளை ஊறவைத்து இடித்துக் கூழாக்கி, கோதுமை மாப் பசை கலந்து, சட்டத்துக்கு உடம்பு வைப்பார். அதன்மேல் பழைய பேப்பரை ஈர்க்கில் சுற்றிக் குழலாக உருட்டி, வட்டமாகவும் சுருளாகவும் வளைத்து ஒட்டுவார். இடையில் சிப்பி, பூசணி விதை, சட்டைப் பொத்தான், பழைய சீலைக் கரை. கடைசியில் நிறம். பேப்பர் உருட்ட எனக்கும் தந்தார். முதல் நாளே என் கையைத் தட்டிவிட்டார்.

"அந்தப் பக்கத்த எடுக்காதீங்க தம்பி."

பார்த்தேன். மரண அறிவித்தல் பக்கம். சின்னச் சின்னப் படங்களாகச் செத்தவர்களின் முகங்கள்.

"உருட்டினா உள்ளுக்குப் போயிடும்தானே அக்கா, ஆருக்குத் தெரியும்?"

"உருட்டுற எனக்குத் தெரியும். கலியாண ஊட்டுக்கும் புது ஊட்டுக்கும் போற சாமான். அவங்கட முகத்த ஈர்க்கில சுத்தி நசிக்கவும் ஏலா, நல்ல காரியத்துக்கு அனுப்பவும் ஏலா."

அந்தப் பக்கங்கள் கிணற்றடியில் ஒரு கல்லின் கீழ் சேர்ந்துகொண்டிருந்தன. எரிப்பதில்லை, அடுப்பு மூட்டுவதில்லை. மழைக்கு நனைந்து மண்ணோடு போகும். அவருடைய பழக்கம் அது.

நான் வருவதற்கு முன்பே செய்து முடித்த ஒரு சட்டம் உள் அறையில் துணியால் மூடியிருந்தது. அதைச் செய்யச் சொல்லியிருந்த அம்மா ஒருநாள் முற்பகல் பஸ்ஸில் வந்திறங்கினார். மெலிந்தவர். வயலுக்குப் போகிறவர்களின் கால். நெற்றியில் திருநீறு மட்டும். முள்ளிவாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வீட்டுத்திட்டத்தில் இருக்கிறார் என்றும், வாற கிழமை மகளுக்குக் கலியாணம் என்றும் அக்கா சொல்லியிருந்தார். அக்காவுக்குச் சந்தோஷம். துணியை எடுத்து, சட்டத்தைக் கதிரையில் நிமிர்த்தி வைத்தார்.

கண்ணாடி அல்ல. படம். பத்தொன்பது இருபது வயதுப் பெடியன் ஒருவன், பெரிதாக்கிய படம், நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டத்தைச் சுற்றி வெள்ளைக் கடதாசியில் செய்த மல்லிகை மொட்டுகள், ஒவ்வொன்றும் அரிசிப் பருமன், மேலே தொடங்கி இரண்டு பக்கமும் வழிந்து கீழே சேர்ந்தன. அத்தனை நுணுக்கமான வேலையை நான் வவுனியாவிலும் பார்த்ததில்லை.

அந்த அம்மா நின்ற இடத்தில் நின்றார்.

"ஆர் இதுக்கு மாலை போட்டது?"

"மாலை இல்லம்மா. மல்லிகைச் சரம். கலியாண ஊட்டுக்கெண்டுதானே சொன்னீங்க? எங்கட கலியாணப் பொம்பிளைக்குக் கண்ணாடி செய்யக்குள்ளயும் இப்பிடித்தான்…"

"படத்துக்கு வெள்ளைப் பூவைச் சுத்திக் கட்டினா அதுக்கு என்ன பேர் பிள்ளை?"

அக்காவுக்கு அப்போதும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. எங்கள் வீடுகளில் செத்தவர்களின் படத்துக்குத்தான் பூச்சரம்.

"என்ர பிள்ளை செத்துப்போனான் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்றார் அந்த அம்மா. குரலை உயர்த்தவில்லை. "எனக்கே ஒருத்தரும் சொல்லேல்லையே."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "எங்கட ஊடுகள்ல ஆக்கள்ட படம் சுவரில தூக்குற பழக்கம் இல்லம்மா," என்று மட்டும் சொன்னார். "வடிவா இரிக்கட்டுமெண்டு செஞ்சன்."

"வடிவாத்தான் இருக்கு," என்று அந்த அம்மா கதிரைக்கு எதிரே நிலத்தில் இருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துக்கொண்டு சொன்னார். சண்டையின் கடைசி நாட்களில் மகனை ஒரு பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டவர்கள் இருக்கிறார்களாம். இறக்கியதைக் கண்டவர்கள் இல்லை. அன்றிலிருந்து அவன் படம் விறாந்தைச் சுவரில் இருக்கிறது. மாலை இல்லை, விளக்கு இல்லை.

"கலியாணம் பேச வந்த நேரம் மாப்பிள்ளையின்ர பெரியம்மா படத்தைக் கண்டிட்டா. ஏன் ஒரு விளக்குக் கொளுத்தி வைக்கேல்லை எண்டு கேட்டா. நான் சொன்னன். அதுக்கு அவா, 'கலியாணத்துக்கு முந்தி அந்திரட்டியைச் செய்துபோட்டு ஒரு மாலையைப் போட்டுவிடுங்கோ, அந்த ஆத்மாவும் ஆறும்' எண்டா. நல்ல மனிசி. நல்லதுக்குத்தான் சொன்னவா. கலியாணத்துக்கு வாற சனம் எல்லாம் அப்பிடித்தான் சொல்லப்போகுது. வடிவான சட்டம் ஒண்டு போட்டா ஒருத்தரும் அப்பிடிப் பாராயினம் எண்டு நினைச்சன்."

"இப்ப என்னம்மா செய்ற?"

"என்ன செய்யிறது? கழட்டி அலுமாரிக்குள்ள வைக்கிறதுதான். ஆனா ஒண்டு பிள்ளை, தங்கச்சியின்ர கலியாணத்துக்குத் தமையன் அலுமாரிக்குள்ள நிக்கிறதே?"

படம் சுவரில் இருக்க வேண்டும். பார்க்கிறவர்கள் அவனைச் செத்தவனாகப் பார்க்கக் கூடாது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அக்கா, "எனக்கு ரெண்டு நாள் தாங்கம்மா," என்றார். அந்த அம்மா சட்டத்தைத் திரும்பிப் பாராமல் பஸ்ஸுக்குப் போனார்.

நானும் அக்காவும் மொட்டுகளை ஈரத்துணி வைத்து ஊறவிட்டுக் கத்தி முனையால் கிளப்பினோம். கிளப்பிய இடமெல்லாம் தழும்பு. அதன்மேல் சிவப்பும் மஞ்சளும் பூசிப் பார்த்தார். இலைகள் வைத்துப் பார்த்தார். சிப்பி வைத்துப் பார்த்தார். எதை வைத்தாலும் நடுவில் அந்த முகம் அசையாமல் நேராகப் பார்த்தது. எதை வைத்தாலும் அது விளக்குக்காகக் காத்திருக்கும் படமாகவே இருந்தது.

"இத்தன நாளும் அந்தப் பக்கங்கள ஒதுக்கி ஒதுக்கி வெச்சு என்ன பலன்?" என்று அக்கா கிணற்றடியைப் பார்த்துச் சொன்னார். "நானே கையால ஒண்டு செஞ்சு வெச்சிரிக்கன்."

அவர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. என் வீட்டாரின் படங்கள் என்னிடம் இல்லை. ஓடிய ஓட்டங்களில் ஏதோ ஒன்றில் பெட்டியோடு போய்விட்டன. அவற்றுக்குச் சட்டம் போடும் பிரச்சினை எனக்கு வந்ததில்லை.

பின்னேரம் நானா வவுனியாவிலிருந்து வந்து, முகம் கழுவி, உள்ளே அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தலை சீவினார். புத்தளத்தில் கலியாணம் செய்து போன மகளின் சின்னப் படமொன்று அந்தக் கண்ணாடியின் மூலையில் செருகியிருந்தது. சீப்புப் பட்டு அது விழுந்தது. எடுத்து ஊதித் திரும்பச் செருகினார்.

"அந்தத் தலையில சீவ என்ன மிச்சம் இரிக்கி?" என்றார் அக்கா. கோபம் யாரிடம் என்றில்லாத கோபம்.

"இரிக்கிறதத்தானே சீவுறன். மகள் பாத்துக்கொண்டிரிக்கா, மரியாதையாப் பேசு புள்ள."

அக்கா எழுந்து போய் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இஞ்ச பாருங்க. இவட படத்துக்கு ஏன் நீங்க சட்டம் போடல்ல?"

"என்ன விசர்க் கத இது? அவ சொகமா இரிக்கிறா. நினைச்சா எடுத்துப் பாக்கிற, திருப்பிச் செருகுற. சட்டம் போட்டு ஆணி அடிக்க என்னத்துக்கு?"

அக்கா வெளியே வந்து, கொட்டிலில் சாய்த்து வைத்திருந்த பழைய அலுமாரிக் கண்ணாடிகளில் ஆக நீளமானதைத் தொட்டுக் காட்டி, "இத வெட்டுவீங்களா தம்பி?" என்று கேட்டார்.

அதன் கீழ்ப்பாதியில் இரசம் போயிருந்தது. மேல்பாதி தெளிவு. வெடித்தால் அந்த அளவில் வேறு கண்ணாடி இல்லை, வெடித்த கண்ணாடியை ஒருவரும் கலியாண வீட்டுக்குள் எடுக்கவும் மாட்டார்கள். மறுநாள் காலை வெயில் சூடேற முன் வெட்டினேன். இழுத்து, கீழே ஈர்க்கை வைத்து, இரண்டு பக்கமும் மெல்ல அழுத்தினேன். சுத்தமாகப் பிரிந்தது.

இந்தக் கண்ணாடிக்குப் பேப்பர் உருட்டியபோது ஒவ்வொரு தாளையும் முன்னும் பின்னும் பார்த்தார். வெள்ளை கிட்டவும் வரவில்லை. மஞ்சளும் குங்கும நிறமும் பூசிய சுருள்கள், இடையிடையே சிப்பி. எல்லாக் கரையும் ஒட்டினார். கீழ் வலது மூலையில் மட்டும் ஒரு விரல் நீளத்துக்குக் கரையை ஒட்டாமல் விட்டார். கண்ணாடிக்கும் கடதாசிக்கும் இடையில் ஒரு படம் நுழையும் அளவு வாய்.

அந்த அம்மாவுக்குப் போன் எடுத்து, பெரிய படம் வேண்டாம், சின்னப் படம் ஒன்று இருக்குமா என்று கேட்டார்.

போனில் அந்த அம்மா சொன்னது எனக்கும் கேட்டது. "சின்னப் படம் எத்தினை வேணும் பிள்ளை? அவனைத் தேடிக் கந்தோர் கந்தோராக் குடுத்து மிஞ்சினது கிடக்கு."

பசை காய்ந்ததும் கொண்டுபோனோம். நானா மோட்டார் சைக்கிளை ஓட்ட, நான் பின்னால் ஒருபக்கமாக இருந்து கண்ணாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன், அதன் முகம் வீதியோரத்தைப் பார்க்க. பனை வடலிகளும் மாடுகளும் அதற்குள் ஓடியதை வீதியோரம் நின்றவர்கள்தான் பார்த்திருப்பார்கள். ஒரு சந்தியில் நானா வேகத்தைக் குறைத்தபோது, காவலுக்கு நின்ற ஆமிக்காரன் கண்ணாடியைப் பார்த்துத் தொப்பியைச் சரியாக்கினான். நானா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பாத்தியா தம்பி, எல்லாருக்கும் தேவப்படுற சாமான்," என்றார்.

வீட்டுத்திட்டத்து வீடு. விறாந்தைக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. வாசல் நிலைக்கு மேலே, உயரத்தில், அந்த அம்மாவின் கணவரின் படம். மாலை போட்டு, சின்னச் சிவப்பு பல்ப் எரிந்தது. அவர் செத்தது தெரியும், புதைத்த இடமும் தெரியும்.

"கண்ணாடி அங்க மேலே வேண்டாம்," என்றார் அந்த அம்மா. "இஞ்ச, ஆக்கள் நிண்டு முகம் பாக்கிற உயரத்தில."

வாசலுக்கு நேரே, உள் சுவரில் ஆணி அடித்தேன். அந்த அம்மா பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து சின்னப் படத்தை எடுத்துத் தானே மூலையில் செருகினார். பிறகு பின்னுக்கு வந்து பார்த்தார். பெரிய படத்தில் அவன் மட்டும் இருந்தான். இந்தக் கண்ணாடியில் அவன் பக்கத்தில் அவருடைய முகமும் இருந்தது.

"இப்ப என்னைக் கண்டா ஆரெண்டு மட்டுக்கட்டமாட்டான்," என்றார்.

நானாவும் நானும் முற்றத்தைப் பார்த்தோம். கலியாணப் பெண் வெளியிலிருந்து வந்தாள். தமையன் போனபோது கைக்குழந்தையைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருந்திருப்பாள். கண்ணாடியை இரண்டு பக்கமும் பார்த்தாள், சிப்பியைத் தொட்டாள், முகத்து வியர்வையைத் துடைக்க நெற்றியில் இருந்த ஒட்டுப் பொட்டைக் கழற்றி, ஒரு யோசனையும் இல்லாமல் கண்ணாடி ஓரத்தில், தமையனின் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள்.

"எடியே, புதுக் கண்ணாடியெல்லே!" என்று தாய் கத்தினார். கழற்றக் கையை நீட்டியவர், கழற்றாமல் விட்டார்.

அந்த நேரம் பந்தல்காரர் அளவெடுக்க வந்தார். வேறு ஊர்க்காரர், இந்த வீட்டுக்குப் புதியவர். நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, கண்ணாடியைக் கண்டதும் ஆண்கள் எல்லோரும் செய்வதுபோல மீசையைத் தடவினார். படத்தைப் பார்த்தார். நான் ஆணிகளைப் பொறுக்குவதுபோல நிலத்தில் குந்தியிருந்தேன்.

"மூத்தவரே அம்மா? ஆள் எங்க, காணேல்லை?"

எங்கே என்றுதான் கேட்டார். எப்போது என்று கேட்கவில்லை. விளக்கைப் பற்றியும் கேட்கவில்லை.

"இன்னும் வரேல்லை," என்றார் அந்த அம்மா.

"வந்திடுவார். தங்கச்சியின்ர கலியாணமெல்லே," என்று சொல்லிவிட்டு அவர் முற்றத்தை அளக்கப் போனார். அந்த அம்மா கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டுவிட்டுக் குசினிக்குள் போய் எங்களுக்குத் தேத்தண்ணி வைத்தார். பாலும் சேர்த்திருந்தார்.

நானா புறப்பட்டபோது நான் பின்னால் ஏறவில்லை. முள்ளியவளையில் இருந்த அலுமாரிக் கண்ணாடிகளெல்லாம் வெட்டி முடிந்துவிட்டன. பந்தல்காரருக்கு ஆள் பற்றாமல் இருந்தது. நானா ஏன் என்று கேட்கவில்லை. "ஊட்டில அவக்கு என்ன சொல்ல?" என்றுதான் கேட்டார்.

"படத்தைக் கண்டவர் ஆள் எங்க எண்டு கேட்டவர் எண்டு சொல்லுங்கோ நானா."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அந்த முற்றத்திலேயே வேலை தொடங்கினேன். பந்தல் கால்களுக்குக் குழி தோண்டுவது. மணல் தரை, அலவாங்கு போட்டவுடன் இறங்கியது. பந்தல்காரர் கயிறு பிடித்து அடையாளம் வைத்தபடி முதல் குழி வாசலுக்கு நேரே வந்தது. அரை முழம் இறங்கியிருப்பேன், அந்த அம்மா வெளியே வந்தார்.

"தம்பி, இதில கால் நட்டா உள்ளுக்குக் கண்ணாடியை மறைக்குமெல்லே? கொஞ்சம் அங்காலை தோண்டுங்கோ."

வாசலால் உள்ளே பார்த்தேன். கண்ணாடியில் முற்றம் தெரிந்தது, குழிக்குள் நின்ற நானும் தெரிந்தேன். மண்ணைத் திரும்பப் போட்டு மூடி மிதித்துவிட்டு, நாலு முழம் தள்ளித் தோண்டினேன்.